அவைக்குறிப்பில் ஏறாத கடைசிப் பந்தி

கடைசிப் பந்திப் போராட்டம் நடக்காமலே போயிருந்தால் நாடு எப்படி இருந்திருக்கும் என்று உரைகல் ஓட்டிப் பார்த்தது. இப்போது இருப்பதைப் போலவேதான் இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டது.

சகாயமேரி எனக்குப் போனில் இதைச் சொன்னபோது நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, ரிசல்ட் வந்துட்டு."

"என்னவாம்?"

"நாம அறுபத்தோரு நாளு அந்தப் பொட்டல்ல கெடந்ததும் ஒண்ணுதானாம், வீட்ல இழுத்துப் போத்திட்டுத் தூங்கியிருந்தாலும் ஒண்ணுதானாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இருபத்து நாலு வருஷமாக எனக்குப் பழக்கமான சிரிப்பு. அவள் நிஜமாகச் சிரித்தால் கடைசியில் ஒரு இருமல் வரும். இதில் வரவில்லை.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். போராட்டங்களில் தண்டனை பெற்றவர்களின் குற்றப்பதிவை அழிப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் எந்தச் சட்டத்துக்கும் ஒரு வால் இருக்கும். போராட்டம் அரசியல் விவாதத்தை மாற்றியிருக்க வேண்டும், வெறும் கூச்சலாக இருந்திருக்கக் கூடாது என்பது இதன் வால். மாற்றியதா இல்லையா என்று யாரைக் கேட்பது? கட்சிக்காரரைக் கேட்டால் கட்சிக்குத் தக்கபடி சொல்வார். பேராசிரியரைக் கேட்டால் ஒரு புத்தகம் எழுதிவிட்டு வருகிறேன் என்பார். ஆகவே உரைகல் என்ற இயந்திரத்திடம் விட்டுவிட்டார்கள்.

மேரிக்கு இந்தத் தீர்ப்பு எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். அவள் செவிலி. நாசரேத்திலிருந்து சென்னைக்கு வந்து, இருபத்தாறு வயதில் இந்தப் போராட்டத்தால் ஆறு மாதம் சிறையில் இருந்தாள். அதோடு செவிலியர் பதிவேட்டிலிருந்து அவள் பெயர் போனது. அதற்குப் பிறகு வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, படுக்கை மாற்றி, கஞ்சி ஊட்டிப் பிழைத்தாள். ஊசி போடக் கூடாது. அதற்கென்று பதிவு பெற்ற பெண் ஒருத்தி வருவாள், இருபத்திரண்டு வயது இருக்கும். நரம்பு கிடைக்காமல் கிழவரின் கையைக் குத்திக் குத்தி எடுப்பாள். கண்ணை மூடிக்கொண்டு நரம்பைப் பிடிக்கத் தெரிந்த மேரி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். இதை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு நான் வெளியே வந்து தெருவில் நின்றிருக்கிறேன்.

ஐம்பது வயது முடிந்துவிட்டால் பதிவேட்டில் பெயரைத் திரும்பச் சேர்க்க மாட்டார்கள். அவளுக்கு ஐம்பது முடிய நாலு மாதம் இருந்தது. தீர்ப்பை எதிர்த்து மனுக் கொடுக்கப் பத்து நாள்.

"நாளைக்கே அந்த ஆபீசுக்குப் போவோம்" என்றேன்.

"நீங்க எதுக்கு அண்ணாச்சி அலையணும்? மிசினு சொல்லிட்டு. மிசினுகிட்ட மல்லுக்கு நிக்க முடியுமா?"

"நான் முப்பத்தஞ்சு வருஷம் அரசியல்வாதிங்க பேச்சை எழுதினவன் மேரி. மிஷின் எனக்கு ஜுஜுபி."

வாய்ச் சவடாலுக்கு எனக்குக் குறைச்சல் இல்லை.

*

அன்று வெண்டைக்காய் அடிப்பிடித்தது. அடுப்பின் பக்கத்தில்தான் நின்றேன், ஆனால் மனசு கூவம் கரையில் இருந்தது.

சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம், பழைய லாரி நிறுத்தப் பொட்டல். ஆனி மாதத்து வெயில். முதல் நாள் நூறு பேர்கூட இல்லை. விமான நிலையத்தில் தரை துடைக்கும் தெய்வானை என்ற அம்மாள் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் ஏறி நின்று பேசினாள். ஆபீஸ் விட்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த நான் வேடிக்கை பார்க்க நின்றேன்.

"கல்யாண ஊட்ல கடைசிப் பந்தில குந்தறவனுக்கு இன்னா மிச்சம்? ரசம், மோரு. பாயசம் தீந்துபூச்சும்பான். தீர்ல நைனா! மொதப் பந்தில ஒர்த்தனுக்கு நாலு டம்ளர் ஊத்திக்கீறான். நாங்கோ இன்னொரு பந்தி போடச் சொல்லல. பரிமார்ற வரிசைய மாத்துன்றோம்."

எந்தக் கம்பெனியிலும் உச்சிச் சம்பளம் அடிச் சம்பளத்தைப் போல இருபது மடங்குக்கு மேல் போகக் கூடாது என்பது அவர்களின் கோரிக்கை. அதைத் துண்டறிக்கையில் படித்தவர்கள் மறுநாள் மறந்துவிட்டார்கள். கடைசிப் பந்தி என்ற பேரை மட்டும் ஊர் பிடித்துக்கொண்டது. இரண்டே வாரத்தில் ஆட்டோவின் முதுகிலும் டீக்கடைப் பலகையிலும் அதுதான்.

அந்தப் பொட்டலில் சாப்பாட்டுக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். இலைக்கு உட்காருமுன் சம்பளத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். குறைந்த சம்பளக்காரருக்கு முதல் பந்தி. சம்பளம் ஏற ஏறப் பின்னால் போக வேண்டும். துப்புரவுக்காரர்களும் செக்யூரிட்டிகளும் முதலில் உட்காருவார்கள். கணினிக்காரர்கள், கல்லூரிப் பேராசிரியர்கள், வயிறு கூப்பிட வரிசையில் நிற்பார்கள். நான் சட்டமன்ற அவையின் தலைமைச் சுருக்கெழுத்தர், அரசுச் சம்பளம். என் வாயால் அந்தத் தொகையைச் சொன்னதும் பரிமாறுகிறவர் விரலைப் பின்பக்கம் காட்டுவார். நாற்பது மாலை போயிருக்கிறேன். நாற்பது மாலையும் எனக்கு ரசம்தான். ஒரு நாள்கூடப் பாயசத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. இன்று எந்த ஓட்டலில் எந்த ரசத்தைக் குடித்தாலும் அந்த ருசி வரமாட்டேன் என்கிறது.

மேரி மருத்துவக் கூடாரத்தில் இருந்தாள். கூடாரம் என்றால் லாரித் தார்ப்பாய், இரண்டு பெஞ்சு, ஒரு ஐஸ்பெட்டி. டியூட்டி முடிந்து வெள்ளை உடுப்போடு நேராக வந்துவிடுவாள். நான் இலை முன்னால் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒருநாள் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அண்ணாச்சி, மொகத்த அப்படி வைக்காதிய. ஒங்களுக்குன்னு ஒரு அப்பளம் ஒளிச்சு வச்சிருக்கேன். யாருட்டயும் சொல்லிராதிய."

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் அந்த அப்பளத்துக்கும் சம்பந்தமில்லை என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன்.

எனக்கு இன்னும் அந்த மாலைகள்தான் வாழ்க்கை என்று தோன்றுகிறது. தன் சம்பளத்தைச் சொல்லும்போது கூனிக் குறுகிக்கொண்டு வந்தவன், மறுவாரம் அதையே நெஞ்சை நிமிர்த்திச் சொல்வதைப் பார்த்தேன். எட்டாயிரம் என்று ஒரு கிழவர் கத்துவார், பந்தியே கைதட்டும். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. உலகம் மாறப் போகிறது என்று நம்பினேன். நம்பியவர்களில் நான் ஒருவன்தான் ஆறு மணிக்கு மேல் நம்பியவன். பகலில் அரசு ஊழியன்.

*

உரைகல் அலுவலகத்தில் மகிழினி என்ற அதிகாரி எங்களை உட்காரவைத்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மேரிக்குத் தண்ணீர் கொடுத்த விதத்திலேயே நல்ல பெண் என்று தெரிந்தது.

"நாங்க ரெண்டு நாடு ஓட்டிப் பார்ப்போம் சார். ஒண்ணு, நடந்தது நடந்தபடி. இன்னொண்ணுல போராட்டத்தை மட்டும் உருவி எடுத்துடுவோம். மத்த எல்லாம் அப்படியே. மழை, தேர்தல், விலைவாசி எல்லாம். அப்புறம் ரெண்டு நாட்டுலயும் அவையில என்ன பேசறாங்கன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்போம்."

"அவையில மட்டுமா? பேப்பர்ல, டிவியில, தெருவுல பேசினதெல்லாம்?"

"அதெல்லாம் கூலிக்குப் பேசினதா, மிஷின் எழுதினதான்னு இப்ப பிரிக்க முடியாது சார். அதனால சட்டம் அதை ஏத்துக்கறதில்லை. அவைக்குறிப்பு ஒண்ணுதான் கை படாத சரக்கு."

கை படாத சரக்கு.

சுவரில் படம் ஓடவிட்டார். போராட்டம் நடக்காத நாட்டில் அந்தப் பொட்டல். அறுபத்தோரு நாளும் லாரிகள் நின்றன. ஒரு டிரைவர் சக்கரத்தின் நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். மேரி எட்டிப் பார்த்தாள்.

"இந்த ஊருல நான் எங்க இருக்கேன்மா?"

"தனி ஆளுங்களை இது பார்க்காதும்மா. பேச்சும் சட்டமும் மட்டும்தான்."

"ஆஸ்பத்திரியிலதான் இருப்பேன். ராத்திரி டியூட்டி பாத்துட்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிறகு மகிழினி இரண்டு நாட்டின் அவைப் பேச்சையும் இரண்டு பத்தியாகக் காட்டினார். போராட்டத்துக்கு அடுத்த மூன்று வருஷம். வலப்பக்கமும் இடப்பக்கமும் ரெட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. எந்த உறுப்பினர் எழுந்தாலும் பொருளாதாரத்தில் நலிவுற்ற பிரிவினர், நலிவுற்ற பிரிவினரின் மேம்பாடு, நலிவுற்ற பிரிவினருக்கான திட்டம்.

"கடைசிப் பந்திங்கற வார்த்தை ஒரு தடவைகூட அவையில வரலை சார். போராட்டத்துக்கு முன்னாடியும் நலிவுற்ற பிரிவினர்தான். பின்னாடியும் அதேதான். ஊரே கத்தியிருக்கு, உள்ள ஒருத்தர் காதுலயும் விழலை."

"அது எப்படிம்மா?" என்றாள் மேரி. "எதுத்த கட்சி, ஆளும் கட்சி எல்லாரும் சொன்னாவளே. ஜெயில்ல இருந்து வந்த பெறவு டீக்கடையில பேப்பர்ல வாசிச்சது நல்லா ஞாபகம் இருக்கு."

"குறிப்புல இல்லையேம்மா."

மேரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணாச்சி, நீங்க அங்கதான இருந்திய? நீங்க சொல்லுங்க."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் ரொம்ப நேரம் துடைத்தேன்.

*

எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உறுப்பினர் பேசப் பேசச் சுருக்கெழுத்தில் கோடும் புள்ளியுமாக எடுப்போம். பத்து நிமிஷத்துக்கு ஒருவர் மாறி மாறி உட்காருவோம். பிறகு அறைக்கு வந்து விரித்து எழுதுவோம். விரித்து எழுதும்போது உறுப்பினரின் கொச்சையைக் கொஞ்சம் சீவி, அரைகுறை வாக்கியத்தை முடித்துவைத்து, அவைக்கு ஏற்ற தமிழாக்குவோம். ஒருவரும் எங்களைக் குறை சொன்னதில்லை. தான் இவ்வளவு அழகாகப் பேசினோமா என்று எத்தனையோ பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார்கள். எல்லாப் பிரதியும் கடைசியில் என் மேசைக்கு வரும். சிவப்புப் பேனா என்னிடம்.

அறுபத்தோராம் நாள் மேரி பார்வையாளர் மாடத்துக்கு வந்தாள். யாரிடமோ நுழைவுச்சீட்டு வாங்கியிருந்தாள். வெள்ளை உடுப்பில் எழுந்து நின்று கத்தினாள்.

"கடைசிப் பந்திக்கு என்ன மிச்சம்னு சொல்லிட்டு மேக்கொண்டு பேசுங்கய்யா!"

காவலர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கீழே அது என்னுடைய பத்து நிமிஷம். என் கை அவள் சொன்னதை அப்படியே எடுத்துவிட்டது. மாடத்தில் பேசுவதை எடுக்கக் கூடாது. விரித்து எழுதும்போது விதிப்படி (குறுக்கீடு) என்று அடைப்புக்குறிக்குள் போட்டேன். அன்று சாயங்காலமே பொட்டலைக் காலி செய்துவிட்டார்கள்.

அது விதி, அதற்கு நான் வருந்தவில்லை. அடுத்து நடந்ததுதான் என்னுடைய கைங்கரியம். ஒரு மாதம் கழித்து அடுத்த கூட்டத்தொடர் தொடங்கியது. அறந்தாங்கிப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் எழுந்து, "இந்த பட்ஜெட்டுல கடைசிப் பந்திக்கு என்ன இருக்கு?" என்றார். அமைச்சர் ஒருவர், "கடைசிப் பந்திக்கும் பாயசம் உண்டு" என்று பதில் சொன்னார். அவை சிரித்தது, பிறகு சண்டை போட்டது. தினமும் அந்தச் சொல் வந்தது. ஒவ்வொரு பிரதியிலும் நான் சிவப்புப் பேனாவால் அதை அடித்து, பொருளாதாரத்தில் நலிவுற்ற பிரிவினர் என்று எழுதினேன்.

ஒருவரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவைத் தமிழின் கண்ணியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி நிஜம். மீதி, வெறும் பயம். நான் அங்கே போய் ரசம் சாப்பிட்டது எவனுக்காவது தெரிந்து, இந்தச் சொல்லைக் குறிப்பில் ஏற்றுவதே இவன்தான் என்று சொல்லிவிட்டால் என் வேலை என்னாவது என்ற பயம். மேரி உள்ளே களி தின்றுகொண்டிருந்தாள். நான் வெளியே மொழிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒலிப்பதிவுகளை ஆறு மாதத்தில் அழித்துவிட்டார்கள். சுருக்கெழுத்து நோட்டுகளையும் கிழித்துப் போட வேண்டும் என்பது முறை. நான் என்னுடையதைக் கிழிக்கவில்லை. மேரி கத்தியது அதில் இருக்கிறதே என்று வைத்திருந்தேன். பரணில், பழைய ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிக்குள், பதினெட்டு நோட்டு.

*

மேரியின் மனுவை விசாரித்த ஆணையத்தின் முன்னால் அந்த நோட்டுகளை மூன்று நாள் வாசித்தேன். அந்தக் கோடுகளைப் படிக்க ஊரில் வேறு ஆள் இல்லை. உரைகல் முதலில் அதே நோட்டுகளில் ஐம்பது பக்கத்தை அச்சான அவைக்குறிப்போடு ஒப்பிட்டு, என் கோட்டுக்கு இன்ன ஒலி என்று தானே கற்றுக்கொண்டு, நான் வாசிப்பது சரிதானா என்று சோதித்தது. சரிதான் என்றது.

என் முறைகளில் மட்டும் நூற்று முப்பத்தேழு இடம். ஒவ்வொன்றாக வாசித்தேன். உறுப்பினர்களின் கோபமும் நக்கலும் இருபத்து நாலு வருஷத்துக்குப் பிறகு என் குரலில் வந்தன. அறந்தாங்கிக்காரரின் மூக்கடைத்த பேச்சுகூட எனக்கு வந்துவிட்டது. சில இடங்களில் பின்வரிசைக்காரர்கள் சிரித்தார்கள். வாசிக்க வாசிக்க எனக்கு அந்த நாள்களின் வாசனை வந்தது. இவ்வளவு உயிரோடா பேசினார்கள், இதையா சீவி எறிந்தேன் என்று இருந்தது.

ஆணையத் தலைவர் கேட்டார்: "இதையெல்லாம் மாற்றியது யார்?"

"நான்தான். வேறு யாருக்கும் பங்கில்லை."

ஓய்வு பெற்றபோது கொடுத்த பதக்கத்தைத் திருப்பித் தரச் சொன்னார்கள். உரிமை மீறல் விசாரணை ஒன்று தொடங்கும் என்றார்கள். நான் மேரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏன் அண்ணாச்சி அப்படிச் செஞ்சிய?"

"பயம் மேரி."

அவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"சரி விடுங்க. மூணு நாளா கத்தித் தொண்ட கட்டிட்டுல்லா. இப்பமாவது வாயத் தொறந்தியளே. பேரு திரும்ப வந்தாப் போதும் எனக்கு."

இரண்டு வாரத்தில் தீர்ப்பு வந்தது. உண்மையான பேச்சைப் போட்டு ஓட்டியதும் இரண்டு நாடும் வேறு வேறாகிவிட்டன. போராட்டம் அரசியல் விவாதத்தை மாற்றியது, ஐயமில்லை. சகாயமேரியின் குற்றப்பதிவு அழிக்கப்பட்டது. ஐம்பது முடிய இரண்டு மாதம் இருக்கும்போது அவள் பெயர் பதிவேட்டில் ஏறியது. எங்கள் பகுதி நலவாழ்வு மையத்திலேயே வேலை கிடைத்தது. போனில் சொன்னபோது சிரித்தாள். கடைசியில் இருமல் வந்தது. நான் போனை வைத்துவிட்டு அழுதேன்.

*

பத்து நாள் கழித்து மகிழினி என்னை வரச் சொன்னார். அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"சார், யாரும் கேக்கலை. நானா இன்னொரு ஓட்டம் போட்டுப் பார்த்தேன். மூணாவது நாடு. போராட்டமும் நடக்குது. நீங்களும் சொன்னதைச் சொன்னபடியே எழுதிடறீங்க."

"அதுல என்ன வித்தியாசம் வந்துடும்மா? பேசினது பேசினதுதானே?"

"அவையில பேசினதை யார் ஞாபகம் வச்சுக்கறா சார்? குழுக்கள் குறிப்பைத்தான் படிக்குது. சட்டம் எழுதறவங்க குறிப்பைத்தான் படிக்கறாங்க. நலிவுற்ற பிரிவினர்னு படிச்சா, அவங்களுக்கு ஏதோ சீக்கு, மருந்து குடுப்போம்னு தோணும். ஒரு திட்டம், ஒரு கடன். அதைத்தான் குடுத்தாங்க. கடைசிப் பந்தின்னு படிச்சா..."

அவர் முடிக்கவில்லை. நான் முடித்தேன். "முதல் பந்தியில உக்காந்திருக்கறது யாருன்னு கேக்கத் தோணும்."

"ஆமா சார். அந்த நாட்டுல அதைக் கேக்கறாங்க. எட்டாவது வருஷம் இருபது மடங்குச் சட்டம் நிறைவேறுது. ஒன்பதாவது வருஷம் போராட்டக்காரங்க எல்லாருக்கும் பொது மன்னிப்பு."

நம் நாட்டில் அந்தச் சட்டம் இன்றுவரை இல்லை. சம்பளத்தைச் சத்தமாகச் சொன்ன அந்த எட்டாயிரம் ரூபாய்க் கிழவர் எப்போதோ செத்துப்போனார். தெய்வானையும் போய்விட்டாள். போராட்டம் விவாதத்தை மாற்றியதா என்று உரைகல்லைக் கேட்டார்கள். மாற்றியிருந்தது. நான் உட்கார்ந்து திரும்ப மாற்றியிருக்கிறேன்.

"ஒன்பதாவது வருஷம்னா மேரிக்கு முப்பத்தஞ்சு" என்றேன்.

"ஆமா சார்."

"இது எவ்வளவு நிச்சயம்?"

"நூத்துக்கு எழுபது."

மீதி முப்பதில் ஒளிந்துகொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். இடம் போதவில்லை.

"இது அறிக்கையில இல்லை. உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்" என்றார் மகிழினி. பரிவோடுதான் கேட்டார்: "நீக்கிடட்டுமா சார்?"

முப்பத்தைந்து வருஷம் அந்தக் கேள்விக்குத் தலையாட்டிச் சோறு தின்றவன் நான். "வேண்டாம்மா. சேர்த்துடுங்க. அது வெளிய வர்றதுக்குள்ள நானே அவகிட்டச் சொல்லிடறேன்" என்றேன்.

*

நலவாழ்வு மையத்தில் காலை பத்து மணிக்கு நல்ல கூட்டம். மேரி புது வெள்ளை உடுப்பில் இருந்தாள். நெஞ்சில் பதிவெண் போட்ட அட்டை. வரிசையில் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கையை நீட்டச் சொல்லி ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு மட்டும் பதினாலு ஊசி போட்டாச்சு. ஒரு பிள்ள அழல, பாத்துக்கிடுங்க."

"மேரி, ஒரு விஷயம் சொல்லணும்."

"பேசாதிய. பேசினா பிரசர் ஏறும்."

"ஏறட்டும்" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது நாடு, எட்டாவது வருஷம், ஒன்பதாவது வருஷம். எதையும் மெருகு போடவில்லை. பம்பை அழுத்திக்கொண்டிருந்த அவள் கை நின்றது. பட்டை என் புஜத்தை இறுக்கிக்கொண்டே இருந்தது.

"எத்தன வருசம் போச்சுன்னு சொன்னிய?"

"பதினஞ்சு."

"எனக்கு முப்பத்தஞ்சு வயசுல வந்திருக்கும்."

"ஆமா."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். எத்தனை வீடு, எத்தனை படுக்கை, எத்தனை கிழவர்களின் குத்துப்பட்ட கை என்று எண்ணினாளோ என்னவோ. மன்னித்தேன் என்று சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். வெட்கம்தான், ஆனால் எதிர்பார்த்தேன். அவள் பட்டையின் காற்றை மெதுவாக விட்டாள். எண்ணைப் பார்த்தாள்.

"நூத்தி எழுபதுக்கு நூறு."

"அவ்வளவா? பதட்டத்துல ஏறியிருக்கும் மேரி. டாக்டர் மாத்திரையைக் கூட்டிடுவார். சும்மா நூத்தம்பதுன்னு போட்டுடேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. மேரி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவளிடம் நான் பார்த்ததில்லை.

"உள்ளதத்தான் எழுதணும் சார். கொறச்சு எழுதினா அந்த ஆளு செத்துல்லா போவான்."

சீட்டில் நூற்று எழுபதுக்கு நூறு என்று தெளிவாக எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள், பக்கத்தில் பதிவெண்ணை எழுதினாள். டாக்டர் அறை இடதுபக்கம், வியாழக்கிழமை திரும்ப வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். பிறகு அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டாள். நான் சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்து இடம் விட்டேன்.